மூன்று வருடம் மூத்தவர்கள்

ஜூலை தொடக்கத்தில் வேலூரிலிருந்து சித்தூருக்குப் பஸ்ஸில் போனால், ஊர் வருவதற்கு வெகு முன்பே மாம்பழ வாசனை வந்துவிடுகிறது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஏற்றி வந்திருப்பது தோத்தாபுரி. நம் பக்கத்தில் கிளிமூக்கு என்போம். 2025இல் அதன் விலை படுத்துவிட்டது. கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் தருவதாக ஆந்திர அரசு அறிவித்திருந்தது. அப்படியும் டிரைவர்கள் ஆலைக் கதவு திறக்கக் காத்து, வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கள் கண்டக்டர் டிக்கெட்டைத் தெலுங்கில் கொடுத்தார், சில்லறை இல்லாதவர்களைத் தமிழில் திட்டினார். சித்தூர் அப்படித்தான். 1911இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய மாவட்டம். ஒட்டிய இடத்தில் இரண்டு பாஷையும் கலந்தே ஓடுகிறது.

ஒரு டிராக்டரில் பழங்களை வெயிலுக்கு மறைத்துப் போர்த்தியிருந்தது பழைய பிளெக்ஸ் பேனர். அதில் வரிசை வரிசையாக நாற்பது வயது முகங்கள். 'பூர்வ வித்யார்த்துல ஆத்மீய சம்மேளனம்', அதாவது பழைய மாணவர் சந்திப்பு, கீழே ஒரு பள்ளியின் பெயர், பத்தாம் வகுப்பு 1998-99. மே மாதம் நடந்திருக்கும். கோடை விடுமுறையிலும் சங்கராந்தியிலும் இந்தப் பேனர்கள் இல்லாத ஊரே ஆந்திராவில் இல்லை. தமிழ்நாட்டிலும் இப்போது அதே கதைதான். ஒரே நிறத்தில் சேலை, ஒரே நிறத்தில் சட்டை. பழைய வகுப்பறையில் பழைய பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ. ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேடிப் பிடித்துச் சால்வை போடுவார்கள். (ஒரு தமிழாசிரியர் வீட்டில் இப்படிச் சேர்ந்த சால்வைகளை அடுக்கவே தனியாக ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் காலமெல்லாம் வேட்டி வாங்கக் கணக்குப் பார்த்தவர்.) மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கண்ணீர். அதோடு பள்ளிக்கு ஒரு நினைவுப் பரிசு: பீரோ, மைக் செட், சரஸ்வதி சிலை, கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் நுழைவாயில் வளைவு.

இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அரசுப் பள்ளிகள் பலவும் ஊர்க்காரர்கள் கொடுத்த பொருளில்தான் நிமிர்ந்தன. காமராஜர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். கடம்பத்தூர்ப் பக்கம் ஆரம்பித்துத் தமிழ்நாடு முழுக்க நடந்தன. மணி, கடிகாரம், கரும்பலகை, நாற்காலி, கட்டடம் என்று அவரவர் தகுதிக்கு ஊர் கொடுத்தது. கடம்பத்தூரிலிருந்து ரயிலில் சிறிது தூரமே இருக்கும் திருத்தணி அப்போது ஆந்திரத்தில், இதே சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் போராடி, 1960 ஏப்ரலில்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பள்ளியில் மணி இல்லை, பெஞ்ச் இல்லை. இன்றைக்கு அவற்றை அரசே வாங்குகிறது. ஆந்திராவில் 2019 நவம்பரில் 'நாடு-நேடு' (அன்று-இன்று) என்று தொடங்கி, கழிப்பறை, குடிநீர், பெயின்ட், பச்சைப் பலகை என்று பள்ளிகளைப் புதுப்பித்தார்கள். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வந்தது. பிறகு பழைய மாணவர்களை இணைக்க 'விழுதுகள்' என்ற திட்டமும் வந்தது. அப்படியானால் இனிமேல் பழைய மாணவர் எதைக் கொண்டுவர வேண்டும்? சித்தூர், திருப்பதி பக்கம் நான் போனது இந்தக் கேள்வியோடுதான்.

சித்தூருக்கு வெளியே, மாந்தோப்புகளுக்கு நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப்பேர் தோப்புக் கூலி, மீதிப்பேர் கூழ் ஆலையில் சீசன் வேலை. தலைமையாசிரியை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றிருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள், பெண்கள், கையில் பிளாஸ்டிக் ஃபைல். எல்லோரும் அந்தப் பள்ளியில் படித்துப் போனவர்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான், ஸ்டடி சர்டிஃபிகேட்.

இது ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் உரிய சங்கதி. 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றின்படி, உயர்கல்வி இடங்களில் 85 சதவீதம் அந்தந்தப் பல்கலைக்கழக வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு. ராயலசீமாவும் நெல்லூரும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரம். தான் உள்ளூர் என்று காட்ட, ஏழு வருடம் எங்கெங்கே படித்தோம் என்று பள்ளியில் எழுதி வாங்கிவர வேண்டும். அதனால் கவுன்சலிங் சீசனில், நன்றி மறந்தவனும் பள்ளிக்கூடத்துப் படியேறியே ஆகவேண்டும்.

"மத்த ஸ்கூல்ல பழைய பசங்களக் கூப்பிடறதுக்குப் பேனர் வெக்கறாங்க சார். எனக்கு அந்த வேலையே இல்ல, அவங்களே வர்றாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு பீரியட் கேக்கறேன். லஞ்சம்னு வெச்சுக்கோங்க" என்று சிரித்தார்.

மேசையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டுவாரியாகப் பெயர்கள். எதிரே போன் நம்பர், இப்போது என்ன செய்கிறார், எங்கே தங்கியிருக்கிறார். அட்மிஷன் ரிஜிஸ்டரில் பிள்ளையின் பிறந்த தேதி, சாதி, அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும், டி.சி. கொடுத்த தேதியோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகுள்ள கதைக்கு அரசு நோட்டு போடவில்லை, இவராகவே போட்டிருக்கிறார். புரட்டிப் பார்த்தேன். பத்தில் தேறாதவர்கள் பெயரும் அதில் இருந்தது. 'மாங்காய் மண்டி', 'திருப்பூர் பனியன் கம்பெனி', 'கல்யாணம் ஆகி பங்காருபாளையம்', 'ஆட்டோ'. இப்படி ஒரு பட்டியலை எந்த ஆத்மீய சம்மேளனத்தின் பேனரிலும் நான் பார்த்ததில்லை. பேனரில் இருப்பவர்கள் தேறியவர்கள். பாதியில் நின்றவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்வதில்லை. அவர்களாகவே வருவதில்லை. ஒரே நிறச் சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் பங்குப் பணம் கேட்டாலே போதும், தோப்புக் கூலிக்குப் போகிறவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை பார்த்துக்கொள்வார். பெண்களின் கதை இன்னும் சுருக்கம். கட்டிக்கொடுத்த ஊருக்கு அழைப்பே போய்ச் சேராது.

அந்த ஆட்டோக்காரர் பத்தாவதில் கணக்கில் தவறியவராம். மார்ச் மாதம் பொதுத்தேர்வு மையம் வேறு ஊரில் விழும்போது பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்தான், பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார் என்றார் தலைமையாசிரியை. "நம்ம ஸ்கூலுக்கு இதுவரைக்கும் பெரிய உபகாரம் செஞ்சது யாருன்னு கேட்டா, அமெரிக்காவுல இருக்கற பையன் இல்ல, இவன்தான்."

அன்றைக்கு லஞ்சப் பீரியடுக்கு மாட்டியது, பத்து முடித்து இடுபுலபாயா ட்ரிபிள் ஐடியில் சேர்ந்திருந்த பெண். ஊருக்கு வந்தவள் தம்பியின் சர்டிஃபிகேட்டுக்காக வந்திருந்தாள். கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று 2008இல் தொடங்கப்பட்டவை இந்த ட்ரிபிள் ஐடிகள். நுழைவுத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சில புள்ளிகள் உண்டு. உள்ளே போனால் ஆறு வருடம், பி.டெக்கோடு வெளியே வரலாம். ராயலசீமாவின் ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதவு இல்லை. இவ்வளவும் போனில் தட்டினால் வரும், பத்தாம் வகுப்பு ஆசிரியர்களும் வருடா வருடம் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் சொன்னது வேறு. பலகையில் சித்தூர் என்று எழுதி, கோடு இழுத்து பீலேரு, ராயசோட்டி, வேம்பள்ளி என்று எழுதினாள். எந்த இடத்தில் பஸ் மாற வேண்டும், எங்கே இறங்கினால் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்றாள். முதல் மாதம் எல்லாரும் அழுவார்கள், அதற்கு ரூமில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றாள். கேள்வி கேட்கச் சொன்னதும் முதலில் மௌனம். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து, "சோறு எப்படி அக்கா?" வகுப்பே சிரித்தது. "ஞாயித்துக்கிழமை சிக்கன். மத்த நாள் கேக்காதே." அடுத்து ஒரு பெண் எழுந்து, கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, கேட்டாள்: "உங்க வீட்ல எப்படி அக்கா விட்டாங்க?"

இதற்குப் பதில் இணையத்தில் கிடையாது. "எங்க நாயனா விடல. மேடம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அப்பவும் விடல. எங்க ஊர்ல ஏற்கெனவே அங்க படிக்கற அக்கா ஒருத்தி இருந்தா, அவங்க அம்மா வந்து எங்கம்மாகிட்ட பேசினாங்க. அப்புறம்தான் விட்டாங்க" என்றாள்.

ஆசிரியர் சொல்லியும் மசியாத நாயனா, அதே ஊர்ப் பெண்ணின் அம்மா வந்து பேசிய பிறகு இறங்கிவந்தார். கலெக்டர் வந்து பேசுவதும், கம்பெனி அதிபர் வந்து பேசுவதும் நல்லதுதான், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கலெக்டர் எந்த பஸ் பிடித்து அங்கே போனார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. அவர் ஏறிய படிகள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. மூன்று வருடம் மூத்தவளின் செருப்புகூட இன்னும் இந்த ஊர்ச் செருப்பு. தலைமையாசிரியை வைத்திருக்கும் விதி இதுதான்: பேச வருகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நாலு வருடத்துக்கு மேல் இடைவெளி கூடாது. எட்டாம் வகுப்புக்குப் பேச பதினொன்று படிக்கும் பிள்ளை. மத்திய அரசின் திறனறித் தேர்வு, அதாவது என்.எம்.எம்.எஸ்., எட்டாம் வகுப்பில்தான். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். மாங்காய் விலை விழுந்த வருடத்தில் அந்தப் பணம்தான் ஒரு பெண்ணை இன்டர்மீடியட்டுக்கு அனுப்பும். அந்தத் தேர்வுக்கு, போன வருடம் தேறிய பிள்ளைகளே சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஜூலை 10ஆம் தேதி மாநிலம் முழுக்க ஒரே நாளில் பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் என்று அரசு உத்தரவு வந்திருந்தது. பள்ளியில் கோலத்துக்கும் தோரணத்துக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுக்கற பிஸில இருப்போம்" என்று சொல்லி அவர் என்னை அதற்கு முன்பே அனுப்பிவைத்தார்.

சித்தூரிலிருந்து மதனப்பள்ளி போக பூதலப்பட்டு வழியே ஏறினேன். பேட்டமிட்டா இந்தப் பக்கம்தான். அங்கே பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு திருப்பதியில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் வேலை பார்த்து, திரும்பி வந்து 1985இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்டரி செய்யும் தொழிற்சாலையைத் திருப்பதி பக்கத்திலேயே வைத்தார், சொந்த ஊர்ப் பக்கமும் வேலையைக் கொண்டுவந்தார், பள்ளிகளும் நடத்துகிறார்கள். பழைய மாணவர் என்றவுடன் நம் மனதில் வரும் சித்திரம் இந்த மாதிரி ஒருவர்தான். ஒரு மாவட்டத்துக்கு இப்படி இரண்டு பேர் கிடைத்தால் யோகம். எல்லாப் பள்ளியும் தனக்கொரு கல்லா வருவார் என்று காத்திருக்க முடியாது.

மதனப்பள்ளி மேட்டு நிலம், காற்றே மாறிவிடுகிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊர். தாகூர் 1919இல் இங்கே பெசன்ட் தியாசபிக்கல் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஊரைத் தாண்டி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே ரிஷிவேலி. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் உருவான அந்த விடுதிப் பள்ளியில் படித்தவருக்குப் பழைய மாணவர் தொடர்பை யாரும் புதிதாகக் கட்டித்தர வேண்டியதில்லை. உலகத்தின் எந்த ஊரில் இறங்கினாலும் ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார். விடுதியும் கட்டணமும் வீட்டுப் பின்னணியும் சேர்ந்து அந்த வலையைத் தாமாகவே பின்னிவிடுகின்றன. நம் ஏழைப் பள்ளிகளுக்கு இல்லாதது கட்டடத்தைவிட இந்த வலைதான்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ரிஷிவேலியின் இன்னொரு முகம். பத்மநாப ராவ், ரமா தம்பதியர் 1980களில் தொடங்கி, சுற்றியுள்ள குக்கிராமங்களில் சிறு பள்ளிகளை உருவாக்கினார்கள். ஒரே அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்தார்கள். சுவரில் ஓர் ஏணிப் படம். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். 'பெட்டிக்குள் பள்ளி' என்று பெயரெடுத்த இந்த முறையைப் பார்த்துத்தான், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார், 2007 வாக்கில் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. அட்டைகளைப் பற்றியும் ஏணியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கவனம் போனது வேறிடத்தில். அந்த அறையில் ஒரு படி முன்னால் போன பிள்ளை, இப்போதுதான் அங்கே வந்து சேரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. கற்றுக்கொண்ட ஈரம் காயாததால், எந்த இடத்தில் வழுக்கும் என்று அதற்குத் தெரியும். ஆசிரியருக்கு அந்த வழுக்கல் மறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். சித்தூர்ப் பள்ளியின் நாலு வருட விதி வேறு வயதில் இதே வேலையைச் செய்கிறது. செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அட்டையும் ஏணியும் பத்திரமாக வந்து சேர்ந்தன, இந்த அண்ணன் - தம்பி வேலை மட்டும் பல பள்ளிகளில் வழியில் எங்கோ தவறிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் பாகாலா வந்தேன். தர்மவரம் பாதையும் காட்பாடி பாதையும் சேருமிடம். திருப்பதி போகிறவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறுவார்கள். தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்திலும் ஒரு பாகாலா இருக்கிறது. மாலாவத் பூர்ணாவின் ஊர் அது. பழங்குடிக் கூலிக் குடும்பத்துப் பெண், சமூக நல விடுதிப் பள்ளி மாணவி. 2014 மே 25 அன்று, பதினான்கு வயது நிறைவதற்குள் எவரெஸ்ட் ஏறினாள், கூடவே ஆனந்த்குமார் என்ற இன்னொரு விடுதி மாணவனும். அதற்கு எட்டாம் நாள் ஆந்திரம் இரண்டாகப் பிரிந்தது.

அவர்களை அனுப்பியது, ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ். பிரவீண்குமார் அப்போது நடத்திக்கொண்டிருந்த சமூக நல விடுதிப் பள்ளிகள். அவர் அங்கே செய்ததில் எவரெஸ்ட் எல்லார் கண்ணிலும் பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது 'ஸ்வேரோஸ்'. தலித் விடுதிகளில் படித்து வெளியேறியவர்களை அந்தப் பெயரில் ஒன்றுசேர்த்தார். அதுவரை எஸ்.சி. ஹாஸ்டலில் படித்தேன் என்பதை வேலை கிடைத்ததும் மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்க வைத்த சமூகத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்வேரோஸில் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரை இனிஷியல் போலத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். யாருக்கும் நாம் தாழ்ந்தவரல்ல என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொள்ளும் உறுதியின் முதல் அடி. தான் படித்த விடுதிக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகள் முன் நிற்பதற்கு முதலில் அந்த விடுதியின் பெயரைச் சொல்லக் கூச்சம் போகவேண்டும். அந்த வேலையை எந்தத் திட்டமும் செய்ததில்லை. பிரவீண்குமார் 2021இல் பணியை விட்டு அரசியலுக்குப் போனார். அமைப்பைப் பற்றி ஆதரவும் எதிர்ப்பும் இன்றும் உண்டு. ஒருவர் தலைமையில் வளர்ந்த வலைக்கு அந்த ஒருவரே பலவீனமும் ஆகிவிடுவது புதிதல்ல.

மேல்நாட்டிலும் இதே பள்ளம்தான். ஈட்டன் போன்ற தனியார் பள்ளிகளின் பழைய மாணவர்கள் பாராளுமன்றம் வரை கைகோத்து நிற்க, பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தன் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றே தெரியாது. லண்டனின் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஃப்யூச்சர் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, படித்த பள்ளிக்கே ஆட்களைத் திரும்ப அனுப்புகிறது. பிளம்பரையும் கூப்பிடுகிறார்கள், வக்கீலையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது பிளம்பர்.

திருப்பதியில் இறங்கியதும் கூட்டம் கோவிந்தராஜர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி ஒரு பக்கம் போனது. நான் மறுபக்கம் பாலாஜி காலனிக்கு ஆட்டோ பிடித்தேன். திருப்பதி யாத்திரை ஊர் மட்டும் அல்ல, படிப்பு ஊரும்கூட. 1954இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்தன. நடுவில் தேவஸ்தானத்துப் பள்ளிகள், கல்லூரிகள், சந்துக்குச் சந்து கோச்சிங் சென்டர், மாடிக்கு மாடி ஹாஸ்டல்.

இந்த ஊரில் பள்ளிப் படிப்பு படித்த இருவரை மட்டும் சொல்கிறேன். திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார் தேவஸ்தான உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்; சித்தூரில் வக்கீல் தொழில் செய்து, பின்னால் மக்களவைத் தலைவர் ஆனார். இன்னொருவர் திருத்தணியிலிருந்து 1896இல் இங்கே வந்து, ஜெர்மானியரின் ஹெர்மான்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்த ராதாகிருஷ்ணன். தகப்பனார் வருவாய்த் துறையில் சிறிய வேலை. பையன் படித்ததெல்லாம் உதவித்தொகையில். வேலூர் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கே எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கக் காசில்லாத பையனுக்கு அதோடு பாடமும் முடிவாகிவிட்டது. செப்டம்பர் 5 அன்று எல்லாப் பள்ளியிலும் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்த அண்ணன் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்ததற்குச் சங்கமும் வேண்டியிருக்கவில்லை, நிதியும் வேண்டியிருக்கவில்லை. தனக்குப் பின்னால் வருகிறவன் யார் என்று மட்டும் தெரிந்திருந்தது.

அதே மாதிரி அண்ணன்கள் பாலாஜி காலனி மாடிகளில் இன்றும் இருக்கிறார்கள். சித்தூர்த் தலைமையாசிரியை கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு ஓர் அறைக்குப் போனேன். எம்.எஸ்சி. படிக்கும் நாலு பையன்கள் வாடகைக்கு இருக்கும் அறை. அன்று அங்கே ஏழு பேர். மூன்று பேர் ஊர்ப் பிள்ளைகள், கவுன்சலிங்குக்கு வந்தவர்கள். லாட்ஜ் வாடகை கொடுக்க முடியாதவர்கள் யாராவது வந்தால் இங்கேதான் பாய் விரிப்பார்களாம். ஒரு பையன் லேப்டாப்பில் ஊர்ப் பையனுக்கு வெப் ஆப்ஷன் வைத்துக்கொண்டிருந்தான். எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எதை வைக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தான். "இந்தக் காலேஜ் பேர் பெருசா இருக்கும்டா, பஸ் இல்ல. பஸ் ஃபீஸ் தனியா கேப்பாங்க." தன் முறை வந்தபோது இவனுக்கு யாரும் சொல்லாமல் விட்டது அது.

இவர்களுக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. ஆனால் பள்ளியின் பேரில் இல்லை, ரூமின் பேரில். ஊரை விட்டு வந்த முதல் ஐந்து வருடத்துக்கு மட்டும் இது உயிரோடு இருக்கும், வேலை கிடைத்ததும் ஹைதராபாத், பெங்களூர் என்று கரைந்துபோகும். பிறகு நாற்பது வயதில் எல்லாரும் ஒரே நிறச் சட்டை தைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். இடையிலே இருக்கும் இருபது வருடத்தில் அந்தப் பள்ளியிலிருந்து இருபது செட் பிள்ளைகள் தனியாக பஸ் ஏறியிருப்பார்கள். பழைய மாணவர் சங்கம் என்று யார் என்ன தொடங்கினாலும், அது தொடங்க வேண்டிய வயது பதினெட்டு. பணம் அப்போது இருக்காது, அது இன்னொரு செட் கொடுக்க வேண்டியது. தமிழ்நாட்டில் 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தியமைத்தபோது பழைய மாணவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு. அந்த நாற்காலிகளில் ஒன்றையாவது இருபது வயதுப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று போகும் ஊரிலெல்லாம் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இரவு சாப்பாட்டுக்கு அந்தப் பையன்களே ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். முதலாளி சித்தூர்ப் பக்கத்துக்காரர், அதே பள்ளியில் 2000ஆம் வருடத்து பேட்ச். வருகிற சங்கராந்திக்கு வெள்ளி விழா. வளைவுக்கு கொட்டேஷன் வாங்கிவிட்டார், போனில் டிசைன் காட்டினார். இரண்டு பக்கமும் யானை, நடுவில் சரஸ்வதி. நன்றாகத்தான் இருந்தது.

நான் அந்த லாங் சைஸ் நோட்டைப் பற்றிச் சொன்னேன். விழாவுக்கு, கடந்த மூன்று வருடத்துப் பிள்ளைகளையும் கூப்பிடலாமே, அவர்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாமே என்றேன்.

"அவங்க நம்ம பேட்ச் இல்லையே சார்."

"இல்ல."

"எங்களுக்கும் அவங்களுக்கும் பழக்கமே இல்ல. வந்து என்ன பண்ணுவாங்க?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் தலை நிமிரவில்லை. ஒருவன் மட்டும், "அண்ணா, நீங்க இன்டர் முடிச்சுட்டு திருப்பதிக்கு வந்தப்ப எங்க தங்கினீங்க?" என்று கேட்டான். முதலாளி கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்தபடி இருந்தார். எங்கள் ஊர் அண்ணன் ஒருத்தர் ரூமில், ஒரு வருஷம், என்றார். பிறகு பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"மூணு வருஷம்னா, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் கூடுவாங்க சார்?"